தனியாக வந்தவருக்கு அறை கொடுத்தது பற்றி

கனாசாவாவில் மகன் வீட்டு இரண்டாம் மாடியில் கதகதப்பாக உட்கார்ந்திருக்கும் மதிப்பிற்குரிய மித்சுகோ அக்காவுக்கு, ஓகுநாமியில் இரண்டு ஜோடி காலுறை போட்டும் பாதம் விறைத்துக் கிடக்கும் தங்கை கினுயோ வணங்கி எழுதுவது.

இங்கே பிப்ரவரி பிப்ரவரியாகவே இருக்கிறது. கடலும் சாம்பல், வானமும் சாம்பல், இரண்டும் எங்கே பிரிகின்றன என்று தெரியவில்லை. உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், மருமகள் உப்பைக் குறைத்துத்தான் சமைக்கிறாள் என்றும் நம்புகிறேன். நாங்கள் நலம். நலம் என்றுதான் கடிதத்தில் எழுத வேண்டும் என்பதால் அப்படி எழுதுகிறேன். உண்மையில் என் வீட்டுக்காரர் டோகுஜி இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு குப்புறப் படுத்திருக்கிறார், மேல் மாடி அறையின் கதவு ஒன்று கழற்றப்பட்டுக் கூடத்தில் சாய்ந்திருக்கிறது. நீ கேள்விப்படுவதற்கு முன் நானே சொல்லிவிடுவது நல்லது என்றுதான் உட்கார்ந்தேன். மீன் சந்தை இசோகோ உனக்கு ஏற்கெனவே போன் செய்திருந்தால், அவள் சொன்னதில் பாதியைக் கழித்துவிட்டு இதைப் படி.

நான் நம் விடுதியின் விதியை மீறிவிட்டேன் அக்கா. குளிர்காலத்தில் தனியாக வந்த ஒருவருக்கு அறை கொடுத்துவிட்டேன்.

நீ இப்போது கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்திருப்பாய் என்று தெரியும். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் வந்த அந்தப் பெண்ணை நானும் மறக்கவில்லை. நாம் இருவரும் பரிமாறிய காலைச் சாப்பாட்டை ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டுவிட்டு, "ரொம்ப நல்லா இருந்துச்சுங்க" என்று சொல்லிவிட்டுக் கடலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் காக்கை முனைப் பக்கம் நடந்து போனாள், திரும்பி வரவே இல்லை. நாம் அவளிடம் ஒன்றுமே கேட்கவில்லை. பனியில் எங்கே போறீங்க என்றுகூடக் கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் நீ அந்த விதியைப் போட்டாய், நானும் இத்தனை வருஷம் வருகிறவர்களிடம் அறை காலியில்லை என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் போன செவ்வாய்க்கிழமை மதியம் பஸ் வந்து திரும்பிப் போன பிறகுதான் வாசல் மணி அடித்தது. அடுத்த பஸ் மறுநாள்தான். வெளியே பனி குறுக்காக வீசிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தால் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், கறுப்பு கோட் சூட், கையில் சின்னப் பை, காலில் பளபளக்கும் புத்தம்புதுக் கறுப்பு ஷூ. பனியில் அந்த ஷூவோடு எவன் வருவான். "அறை" என்றார். அவ்வளவுதான், மேற்கொண்டு ஒரு வார்த்தை இல்லை, குனிந்து வணங்கினார், வணங்கியபடியே நின்றார். முதுகின் மேல் பனி விழுந்துகொண்டிருந்தது. நீயாக இருந்தாலும் உள்ளே விட்டிருப்பாய். விட்டிருக்க மாட்டாய் என்றால் அதை எனக்குப் பதில் எழுதாதே.

பெயர் ஒரிஹாரா, ஊர் சைதாமா பக்கம் என்று பதிவேட்டில் எழுதினார். நான்கு நாள். அந்த அளவோடு நின்றிருந்தால் எனக்குச் சந்தேகமே வந்திருக்காது. தேநீர் கொண்டுபோய் வைத்தபோது, ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் நீண்ட இடைவெளி விட்டு என்னிடம் மூன்று கேள்வி கேட்டார். காக்கை முனைக்கு எவ்வளவு தூரம். அலை எந்த நேரத்தில் ரொம்பப் பெரிசாக இருக்கும். காலையில் அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் உண்டா. "ரோடு மூடிக் கிடக்குங்க, யாரும் போக முடியாது" என்று பொய் சொன்னேன். அவர் ஜன்னல் வழியாக அந்த ரோட்டைப் பார்த்தார். நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதில் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். பிறகு தேநீரைக் குடித்தார்.

அவர் குளிக்கப் போனபோது நான் ஒரு தப்புக் காரியம் செய்தேன். மெத்தை விரிக்கப் போன இடத்தில் தாழ்வான மேசை மேல் ஒரு தடித்த வெள்ளை உறை இருந்தது. ஒட்டவில்லை. விடுதிக்காரி விருந்தாளியின் கடிதத்தைத் தொடக் கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவளே நீதான், அதனால் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். தூரிகைப் பேனாவில் அழகான கையெழுத்து. இதுதான் அதில் இருந்தது, எனக்கு மனப்பாடமாகிவிட்டது: "இத்தனை காலம் என்னைப் பொறுத்துக்கொண்ட அனைவருக்கும் நன்றி. நான் நல்ல தகப்பனாக இருக்கவில்லை. பேச வேண்டிய நேரத்தில் எல்லாம் பேசாமல் இருந்துவிட்டேன். இன்றோடு என் கடமை முடிகிறது. இனி இந்த இருவரையும் கைவிடாமல் பார்த்துக்கொள்ளும்படி உங்களைத் தலைவணங்கிக் கேட்டுக்கொள்கிறேன்." அடுத்த பக்கத்தைத் திருப்புவதற்குள் குளியலறைக் கதவு கிறீச்சிட்டது. எப்படி மடித்தேன், எப்படிப் படியிறங்கினேன் என்று எனக்கே தெரியாது.

டோகுஜி சமையலறையில் கணவாய் மீனை வகுந்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கத்தியைப் பார்த்தார், மாடிப்படியைப் பார்த்தார், கத்தியை அரிசிப் பெட்டிக்குள் போட்டு மூடினார். "இந்த ரெண்டு பேருன்னா யாருடி? பிள்ளைங்களா?" என்றார். "யாரா இருந்தா என்னங்க, ரெண்டு பேரை விட்டுட்டுப் போறாரு மனுஷன்" என்றேன். காவல் சாவடி மிகாமிக்குப் போன் போட்டோம். மிகாமி மலைப்பாதையில் சறுக்கிக் கவிழ்ந்த லாரியோடு பக்கத்து ஊரில் மாட்டிக்கொண்டிருந்தான். "ரோடு திறந்தாத்தான் நான் வர முடியும். அதுவரைக்கும் கண்ணை விட்டு எடுக்காதீங்க. முக்கியமா பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருங்க. அமைதியா மட்டும் விட்டுடாதீங்க" என்றான். அரசாங்கம் சொன்ன ஆலோசனை என்பதால் அதை அப்படியே பிடித்துக்கொண்டோம். அந்த மனிதரைப் பொறுத்தவரை உலகத்திலேயே மோசமான ஆலோசனை அதுதான் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்.

நான் முதலில் வீட்டில் அபாயமாகத் தோன்றியதையெல்லாம் அப்புறப்படுத்தினேன். சவரக் கத்தி, கத்தரி, மாடி அறையின் உள்தாழ்ப்பாள். தாழ்ப்பாள் வராததால் டோகுஜி கதவையே கழற்றினார். "காத்தோட்டத்துக்குங்க" என்று விருந்தாளியிடம் விளக்கினார், வெளியே பூஜ்யத்துக்குக் கீழே மூன்று டிகிரி. பயத்தில் நான் விருந்தாளிக்குக் கொடுக்கும் யுகாட்டா அங்கியின் இடுப்புப் பட்டையையும் எடுத்துவிட்டேன். இரவுச் சாப்பாட்டுக்கு அந்த மனிதர் அங்கியை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் மட்டும் நண்டை உடைக்க முடியாமல் தவித்தார். ஒரு கால் கூடச் சாப்பிடவில்லை. பசியற்ற மனிதர் என்று நான் அதையும் கணக்கில் சேர்த்தேன்.

புதன்கிழமை முழுக்க இடி. குளிர்கால இடி உனக்குத் தெரியும், வீடே குலுங்கும். அன்று அவர் வெளியே போக முடியாது என்பது ஒன்றுதான் நிம்மதி. பேச்சுக் கொடுக்க ஆள் வேண்டும் என்று முடி வெட்டும் நிவாவை வரவழைத்தோம். நிவா காலை ஒன்பது மணிக்கு வந்து, அடியில் கணப்பு வைத்த சூட்டு மேசையின் போர்வைக்குள் காலை விட்டவன் அன்று இரவுகூட வீட்டுக்குப் போகவில்லை. "ஐயா, சின்ன வயசுல நீங்க ரொம்ப சந்தோஷமா இருந்த ஒரு நாளைப் பத்திச் சொல்லுங்க" என்று ஆரம்பித்தான். ஒரிஹாரா வாயைத் திறந்தார், மூடினார், நெற்றியில் வேர்வை வந்தது. "சரி விடுங்க, ரெண்டாவது சந்தோஷமான நாள்?" என்றான். சந்தோஷமாக ஒரு நாள்கூட நினைவுக்கு வராத மனிதர் என்று நான் சமையலறையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இதற்கு நடுவில் இசோகோ ஒரு பெரிய மீன் தலையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சந்தையில் ஏலம் கூவிக் கூவி அவளுக்கு ரகசியம் பேசத் தெரியாது. "இவரா கினுயோ? பாத்தா அப்படித் தெரியலையேடி" என்று என் காதுக்குள் சொன்னது துறையில் கட்டியிருந்த படகு வரைக்கும் கேட்டிருக்கும். ஒரிஹாரா எங்களை ஒருவர் மாற்றி ஒருவராகப் பார்த்தார். இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. கதவில்லாத அறை, பட்டையில்லாத உடை, கழிவறைக்குப் போனால் வெளியே நின்று "ஐயா, அங்க இருக்கீங்களா" என்று கேட்கும் முடிதிருத்துபவன். கொள்ளைக்காரர்கள் விடுதியில் மாட்டிக்கொண்டோம் என்று அவர் நினைத்தாராம். பிறகு சொன்னார்.

வியாழக்கிழமை காலை இடி நின்றது. நான் அரிசி கழுவிக்கொண்டிருந்தேன், டோகுஜி வாசல் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார், நிவா சூட்டு மேசையிலேயே தூங்கிப்போயிருந்தான். ஐந்து நிமிஷம் அக்கா, ஐந்தே நிமிஷம். சாதம் வைத்துவிட்டு மேலே போனால் மெத்தை ஒழுங்காக மடித்து வைத்திருக்கிறது, பை இருக்கிறது, கோட் இல்லை, உறை இல்லை. கீழே பின்கட்டுக் கதவு திறந்து கிடந்தது. பனியில் ஷூ தடம். அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கவே வேண்டாம்.

நான் கத்தவில்லை. கத்த வரவில்லை. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அந்தப் பெண்ணின் தடத்தையும் நாம் அதே இடத்தில்தான் பார்த்தோம், நீ என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாய். இந்தத் தடவை தோளைப் பிடிக்க யாரும் இல்லாததால் ஓடினேன். சமையல் ஏப்ரனோடு, டோகுஜியின் பழைய ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு. என்னைப் பார்த்து டோகுஜி மண்வெட்டியோடு ஓடி வந்தார். நிவா போர்வையைச் சுற்றிக்கொண்டே ஓடி வந்தான். சந்தை மூலையில் இசோகோவும் சேர்ந்துகொண்டாள். முனைக்கு ஏறும் கடைசித் திருப்பத்தில் எனக்கு மூச்சு அடைத்தது, அங்கே நின்று தலையைத் தூக்கினால், முதலில் கண்ணில் பட்டது ஷூ. பாறை மேல், இரண்டும் சேர்த்து, கடலைப் பார்க்க ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. உள்ளே காலுறை சுருட்டி வைத்திருந்தது. கடலில் குதிக்கிறவர்கள் அப்படித்தான் வைத்துவிட்டுப் போவார்கள், உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அவர் இருபதடி தள்ளி விளிம்பில் நின்றுகொண்டிருந்தார், வெறுங்காலோடு. கையில் அந்தக் காகிதம். கீழே அலை பாறையில் மோதி, நுரை அவர் முழங்கால் உயரத்துக்கு எழும்பி விழுந்தது. வாயைத் திறந்து எதையோ சொல்லிக்கொண்டிருந்தார், காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. "யாரும் கூப்பிடாதீங்க. திடுக்கிட்டு விழுந்துடப் போறாரு. நான் பின்னாலயே போய் இடுப்பைப் பிடிச்சுடறேன்" என்று டோகுஜி மண்வெட்டியை என்னிடம் கொடுத்தார். இடுப்பு வலிக்காரர், அறுபத்தாறு வயது, நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே இரண்டு தடவை முயற்சி செய்கிறவர், அன்று பூனை மாதிரி போனார். நான் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தடி. ஐந்தடி. கையை நீட்டினார். அந்த இடத்தில் புல்லின் மேல் பனி உறைந்து கண்ணாடியாக இருந்திருக்கிறது. டோகுஜியின் இரண்டு காலும் ஒன்றாக முன்னால் போயின. ஒரிஹாராவைத் தாண்டி, அவரைத் தொடாமலே, உட்கார்ந்த வாக்கில் சறுக்கி, விளிம்புக்கு அப்பால் காணாமல் போனார்.

அந்த ஒரு நொடியை என்னால் எழுத முடியாது.

பிறகு கீழேயிருந்து அவருடைய குரல் வந்தது. "கினுயோ, நான் இருக்கேன். ஆனா ரொம்ப நேரம் இருக்க மாட்டேன்" என்றார். நாங்கள் ஓடிப்போய் எட்டிப் பார்த்தோம். ஆள் உயரத்துக்கும் கொஞ்சம் கீழே, பாறையில் துருத்திக்கொண்டிருந்த ஒரு விளிம்பில் வயிறு பதித்து, இரண்டு கையாலும் காய்ந்த வேரைப் பிடித்துக்கொண்டு தொங்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு அலைக்கும் இடுப்பு வரை நனைந்தார். முகம் பாறையோடு ஒட்டியிருந்தது, கீழே கால் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. எங்களுக்கு முன்னால் ஒரிஹாரா பனியில் குப்புறப் படுத்துவிட்டார். கறுப்புக் கோட்டைக் கழற்றி, அதன் ஒரு கையைத் தன் மணிக்கட்டில் சுற்றி, இன்னொரு கையைக் கீழே விட்டார். நிவா அவர் காலைப் பிடித்தான், இசோகோ நிவாவின் இடுப்பைப் பிடித்தாள், நான் இசோகோவைப் பிடித்தேன். டோகுஜி கோட்டின் கையைப் பிடித்துவிட்டார். ஆனால் ஏறக் கால் ஊன்ற வேண்டும். "எந்தக் காலை எங்க வைக்கிறது, சொல்லுங்க சார்" என்று கத்தினார்.

ஒரிஹாராவின் தலை மட்டும்தான் விளிம்புக்கு வெளியே இருந்தது. அவருக்கு மட்டும்தான் கால் ஊன்ற இடம் தெரிந்தது. அவர் "இ…" என்றார். மறுபடியும் "இ… இ…" என்றார். கழுத்து நரம்பு புடைத்தது. அடுத்த வார்த்தை வரவில்லை. எனக்கு அப்போதுதான் புரிந்தது. இரண்டு நாளாக நாங்கள் வருத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தது திக்குவாய். மனதில் இருக்கிற வார்த்தை வாய்க்கு வர மறுக்கிற மனிதரை நாங்கள் இரண்டு நாள் பேச்சுக் கொடுத்தே கொன்றிருக்கிறோம். டோகுஜி பொறுக்க முடியாமல் வலது காலை வைத்தார். அங்கே கல் இல்லை. வேரில் பாதி பிய்ந்தது. கோட்டின் தோள் தையல் கிழியும் சத்தம் காற்றையும் தாண்டிக் கேட்டது. இசோகோ என் முன்னால் தன் செத்துப்போன மாமியார் பெயரையெல்லாம் சொல்லி வேண்டிக்கொண்டாள்.

அப்போது ஒரிஹாரா கண்ணை மூடினார். மூடிக்கொண்டு, அக்கா, பாட ஆரம்பித்தார்.

சத்தியமாகப் பாடினார். பள்ளிக்கூடத்தில் காலையில் வரிசையில் நிற்க வைத்துப் பாடச் சொல்வார்களே, அது மாதிரி ஒரு நிதானமான ராகம். அதில் வார்த்தை இதுதான்: "இடது காலைத் தூக்குங்க, இன்னும் கொஞ்சம் மேலே, முழங்கால் பக்கம் கல்லு இருக்கு, அதுல ஊனி நில்லுங்க." ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை. குரல் கணீரென்று இருந்தது. டோகுஜி இடது காலைத் தூக்கினார். கல் இருந்தது. "இப்போ வலது கையை விடுங்க, என் கையைப் பிடிங்க" என்று அடுத்த அடி. நிவாவும் பயத்தில் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் கூடவே முணுமுணுத்தான். நான்கு அடி பாடி முடிப்பதற்குள் என் வீட்டுக்காரர் பனியின் மேல் மல்லாந்து கிடந்தார், கால்சட்டையின் பின்பக்கம் முழுசாகக் கீழேயே தங்கிவிட்டது. பூட்ஸ் ஒன்று கடலோடு போயிற்று. நான் அவர் நெஞ்சில் இரண்டு அடி அடித்தேன், பிறகு அழுதேன். "வரிசையா செய்டி, ஒரே நேரத்துல ரெண்டையும் செய்யாத" என்றார்.

வீட்டுக்கு வந்து, நனைந்ததை மாற்றிக்கொண்டு எல்லோரும் சூட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்த பிறகு, மீசோ சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றி ஒரிஹாராவின் முன்னால் வைத்துவிட்டு நான் நேராகக் கேட்டேன். அந்தப் பெண்ணிடம் கேட்காததை இவரிடம் கேட்டேன். "ஐயா, நீங்க சாகவா வந்தீங்க?"

அவர் கிண்ணத்தை வைத்தார். என் முகத்தை, கூடத்தில் சாய்ந்திருந்த கதவை, பட்டையில்லாத தன் அங்கியை, எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அவருக்குப் புரிந்துகொண்டே வருவது எங்களுக்குத் தெரிந்தது. பையை இழுத்து, அதற்குள்ளிருந்து ஒரு வெள்ளை டையையும் ஓட்டல் அழைப்பிதழ் ஒன்றையும் எடுத்து மேசை மேல் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை அவருடைய மகனுக்குக் கல்யாணம். கறுப்புக் கோட்டுக்குக் கறுப்பு டை கட்டினால் சாவு, வெள்ளை டை கட்டினால் கல்யாணம். டையே கட்டாமல் வந்த மனிதரை நாங்கள் எந்தக் கணக்கில் சேர்ப்பது. விருந்து முடிவில் மாப்பிள்ளையின் தகப்பனார் எழுந்து நன்றி சொல்ல வேண்டும் இல்லையா, அந்தப் பேச்சுதான் அந்த உறை. கைவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய இருவர் பெண்ணும் மாப்பிள்ளையும். யாரும் இல்லாத இடத்தில், தன் குரல் தனக்கே கேட்காத அளவுக்கு அலை இரைகிற இடத்தில் நின்று சொல்லிப் பழகலாம் என்று வந்திருக்கிறார். புது ஷூ கல்யாணத்துக்கு வாங்கியது. கடிக்கிறதாம், அதனால் கழற்றினாராம்.

இதையெல்லாம் அவர் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. நாங்கள் யாரும் நடுவில் வார்த்தையை எடுத்துக் கொடுக்கவில்லை. நிவாகூட. அவருடைய மனைவி, ஓட்டல்காரரையே பேசச் சொல்லிவிடலாம் என்றிருக்கிறார். மகன்தான் ஒத்துக்கொள்ளவில்லை, அப்பா பேசினால்தான் கல்யாணம் என்று பிடிவாதம். கடைசியில் அவர் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "சாக வரலைங்க. ஆனா… ஞாயித்துக்கிழமை போகாம இருந்துடலாமான்னு… நேத்து வரைக்கும் நெனச்சேன். பஸ் நின்னு போச்சு, பனி, காய்ச்சல்… ஏதாவது சொல்லிக்கலாம்னு." அப்படியென்றால் ஒரு விதத்தில் நாங்கள் பயந்தது முழுப் பொய்யும் இல்லை அக்கா. ஓடிப்போக வந்த மனிதரைத்தான் நாங்கள் காவல் காத்திருக்கிறோம். பிறகு அவர், "இதுக்கு முன்னாடி… யாரையோ விட்டுட்டீங்க, இல்லையா" என்று கேட்டார். நான் சொன்னேன். பத்தொன்பது வருஷத்தில் வெளி மனிதர் ஒருவரிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு இரண்டு நாள் இந்த வீடு வீடாக இல்லை. டோகுஜி குப்புறப் படுத்தபடியே, "எனக்கு உயிர் கொடுத்தவரு, அவரு பேச்சைத் தேத்தி அனுப்பாம விடமாட்டேன்" என்று தீர்மானம் போட்டுவிட்டார். கோட்டின் தோளை இசோகோ தைத்தாள். வேறு கறுப்பு நூல் இல்லாததால் வலை பின்னுகிற நூல். "கோட்டு கிழிஞ்சாலும் கிழியும், இந்தத் தையல் கிழியாது" என்றாள். நிவா முடி வெட்டிவிட்டான், காசு வாங்கவில்லை, காது ஓரத்தில் கொஞ்சம் ஏற்றிவிட்டான். பேச்சைப் பாட்டாகவே பாடிவிடலாமே என்று ஒரு யோசனை வந்தது. ஒரிஹாரா ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "சம்பந்தி… போலீஸ் அதிகாரிங்க" என்றார், அதை விட்டுவிட்டோம். சாப்பாட்டு அறையில் மெத்தைகளை வரிசையாகப் போட்டு எங்களை விருந்தினர்களாக உட்கார வைத்து, அவர் எழுந்து நின்று பேசுவார், திக்கும் இடத்தில் நாங்கள் சும்மா சூப்பைக் குடித்துக்கொண்டிருப்போம். அவசரப்படுத்தாமல் சூப்பைக் குடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று இசோகோவைப் பார்த்தால் தெரியும், அவள் தன் தொடையைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரோடு திறந்து மிகாமியும் வந்து சேர்ந்தான். ஒரு உயிரைக் காப்பாற்றத் தலைதெறிக்க ஓடி வந்தவனைப் பிடித்துப் பெண் வீட்டார் வரிசையில் உட்கார வைத்தோம், போலீஸ் உடுப்போடு, பொருத்தமாக இருந்தது. அன்றைக்கு அக்கம்பக்கத்தாரையும் சேர்த்துப் பதினோரு பேர் முன்னால் நான்கு நிமிஷம், முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரைக்கும், ஒரே ஒரு இடத்தைத் தவிர எங்கும் நிற்காமல் பேசி முடித்தார். மிகாமி தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். எனக்கு அந்தப் பேச்சு ஏற்கெனவே தெரியும், இருந்தாலும் அழுதேன். இரண்டாம் பக்கம் முழுக்க அவர் மனைவியைப் பற்றி எழுதியிருந்தது.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். வறுத்த மீன் வைத்துச் சோற்று உருண்டை கட்டிக் கொடுத்தேன். இன்று ஞாயிறு. இந்நேரம் அவர் பேசி முடித்திருப்பார். ஓகுநாமி ஆட்கள் ஒரு காரியத்தில் இறங்கினால் அது சரியாக முடியும் என்று உனக்கே தெரியும், ஆகவே அந்தப் பேச்சு கல்யாண மண்டபத்தையே உலுக்கியிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனாலும் அக்கா, நான் தீர்மானித்துவிட்டேன். நீ சொன்னதுதான் சரி. இனிமேல் குளிர்காலம் மட்டும் இல்லை, எந்தக் காலத்திலும் தனியாக வருகிறவர்களுக்கு அறை கிடையாது. எனக்கு வயது அறுபத்து மூன்று, இந்த நெஞ்சு இதற்கு மேல் தாங்காது. டோகுஜி குப்புறப் படுத்தபடியே தலையை ஆட்டிவிட்டார். நிவாவிடம் சொல்லி நல்ல எழுத்தில் பலகை எழுதி வாசலில் மாட்டப் போகிறேன்.

குளிர் இன்னும் ஒரு மாதம் இருக்கும், முழங்காலைத் துணியால் சுற்றிக்கொள். மருமகளிடம் சண்டை போடாதே, போட்டாலும் நீ ஆரம்பிக்காதே. உன் வீட்டுக் கூரைக்கும் அதன் கீழ் இருக்கிற எல்லோருக்கும் நல்லதே நடக்கட்டும் என்று இங்கிருந்து கைகூப்புகிறேன்.

உன் தங்கை,
கினுயோ

பின்குறிப்பு: மறுபடியும் பனி கொட்டியதால் தபால் வண்டி வரவில்லை, இந்தக் கடிதம் நான்கு நாள் என் ஏப்ரன் பையிலேயே கிடந்தது. அதற்குள் ஒன்று நடந்துவிட்டது. நேற்று காலை போன் அடித்தது. எடுத்தேன், அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. வைத்துவிடப் போனவள் வைக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பாதி மிச்சமிருந்த தேநீரைக் குடித்து முடித்தேன். அப்புறம்தான் "ஒரிஹாரா… பேசறேன்" என்றார். பேச்சு என்ன ஆயிற்று என்று கேட்டேன். எண்பது பேர் முன்னால் ஒலிபெருக்கியைப் பிடித்ததும் முதல் வரியிலேயே நின்றுவிட்டதாம். ஒரு நிமிஷத்துக்கு மேல் நின்றாராம். ஓட்டல்காரர் உதவிக்கு வரப் பார்த்தபோது மகன் கையைக் காட்டி நிறுத்திவிட்டானாம். கடைசியில் "நன்றி" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாராம். நாங்கள் சொல்லிக் கொடுத்த நான்கு நிமிஷத்தில் ஒரு வரிகூட வெளியே வரவில்லை. ஆகவே மண்டபம் குலுங்கியது என்று நான் மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படி. "அடடா" என்றேன். அவர் சிரித்தார். "இல்லைங்க, அது… போதுமா இருந்துச்சு" என்றார். பிறகு ஏப்ரலில் அறை இருக்குமா என்று கேட்டார். எத்தனை பேர் என்று கேட்டேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். "ஒருத்தர்" என்றார். எழுதிக்கொண்டேன்.